பின் இடது டயரின் உட்பக்கம்

அத்தியாயம் 11

காரின் பின்கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ‘விற்பனைக்கு’ என்று எழுதியிருந்தது. முதல் எழுத்து பெரிதாக ஆரம்பித்து, போகப்போகச் சின்னதாகி, கடைசி எழுத்து காகிதத்தின் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

இடது கையால் எழுதியது. எழுதியவளுக்கு வயது பதினொன்று. வலது முழங்கையில் கட்டுப் பிரித்து எட்டு நாள்தான் ஆகிறது. கை இன்னும் முழுசாக நீட்ட வரவில்லை.

அந்தக் காகிதத்தைப் பார்த்தபடி நூல்காரர் தங்கை வீட்டு வாசலில் நின்றார். காலிங் பெல் பக்கம் கை போகவில்லை.

போன வாரம் படிக்க முடியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நூல்காரர் என்பது அவர் பெயர் இல்லை. டயர் கடையில் இருபத்தாறு வருடமாக வீல் அலைன்மென்ட் பார்க்கிறார். கம்ப்யூட்டர் மெஷின் வருவதற்கு முன்னால், காரின் இரண்டு பக்கமும் நூல் கட்டி, இரும்பு ஸ்கேல் வைத்து அளந்து, எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்போது ஒட்டிக்கொண்ட பெயர்.

இந்தக் கார் அவருடையது. பதினோரு மாதத்துக்கு முன்னால் தங்கை குடும்பத்துக்குச் சும்மா கொடுத்தார். பின்னால் இரண்டு புது டயர் மாட்டி, முன்னால் சிவப்பு ரிப்பன் கட்டிக் கொடுத்தார். ‘அண்ணன்னா இப்படி இருக்கணும்’ என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள்.

ஏழு வாரத்துக்கு முன்னால், நல்ல மழையில், வலது பக்கம் திரும்புகிற ஒரு வளைவில், அந்தக் காரின் பின்பக்கம் வழுக்கி, இடது புறமாக வீசி, விளக்குக் கம்பத்தில் அடித்தது. ஓட்டியது தங்கையின் கணவர். பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்திருந்தது அவர்களுடைய மகள்.

வேகமாகப் போயிருப்பார் என்றார்கள். ‘ஆமா, போயிருப்பேன்’ என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

அது காரணம் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நூல்காரர்.

காரைக் கொடுப்பதற்கு ஒரு மாதம் முன்னால், கடைச் சரக்கு பன்னிரண்டு டயரையும் நாலு இரும்பு வீல் டிஸ்க்கையும் அதில் திணித்துக்கொண்டு போனார். குழாய் பதிக்க வெட்டி மூடாமல் விட்ட பள்ளத்தில் பின் இடது சக்கரம் தொம்மென்று இறங்கியது. அன்றைக்கே மெஷினில் ஏற்றிப் பார்த்தார். பின் சக்கரங்களைத் தாங்குகிற இரும்புத் தண்டு, ஆக்ஸில், வளைந்திருந்தது. முன் சக்கரம் கோணல் என்றால் நட்டைத் திருகிச் சரி பண்ணலாம். இந்த மாதிரிக் காரில் பின்னால் திருகுவதற்கு ஒன்றும் கிடையாது. ஆக்ஸிலையே மாற்ற வேண்டும்.

அடுத்த மாதம் மாற்றலாம் என்று இருந்தார். அதற்குள் தங்கை கார் கேட்டாள். கொடுத்துவிட்டு, ஒரு நாள் வாங்கிப் போய்ச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று நினைத்தார். அந்த ஒரு நாள் வரவே இல்லை.

கோணலாக நிற்கிற சக்கரம் ஒழுங்காக உருளாது. பாதி உருளும், பாதி உரசும். உரசுவது உட்பக்கம். வெளியே நின்று பார்க்கிறவருக்கு டயர் புத்தம்புதுசாகத் தெரியும். குனிந்து, கையை உள்ளே விட்டுத் தடவினால்தான் விஷயம் தெரியும். யார் தடவுகிறார்கள்?

விபத்துக்கு மறுநாள், நூல்காரர் உதவி செய்கிற மாதிரி ஒர்க்‌ஷாப்புக்குப் போய், அந்த டயரைக் கழற்றிவிட்டு வேறு புது டயர் மாட்டினார். அதற்கும் அவருக்கு நன்றி சொன்னார்கள்.

*

கதவைத் திறந்தது தங்கை.

“உள்ள வராம என்னண்ணா, காவல்காரன் மாதிரி நின்னுட்டு இருக்க?”

“ஒண்ணுமில்ல. காகிதத்தைப் பார்த்தேன்.”

“அவதான் எழுதினா. நான் எழுதறேன்னு சொன்னேன், விடல. லெஃப்ட்ல பழகிட்டேன்மா, பாருங்கறா.” சொல்லிவிட்டுத் தங்கை சட்டென்று உள்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாப்பிள்ளை மேஜையில் காரின் பேப்பர்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண்ணைச் சோதித்து, லென்ஸ் வெட்டி, ஃப்ரேமில் பொருத்திக் கொடுப்பது அவர் வேலை. பேப்பர் அடுக்கினாலும் நாலு மூலையும் ஒன்றாக நிற்கும்.

“வாங்க மச்சான். எல்லாம் ரெடி. இன்னிக்கு முடிச்சிடலாம்.”

தங்கை டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

“நல்லாப் பார்த்து அடுக்குங்க. ஊருக்கெல்லாம் கண்ணு பார்க்கிறவர். ரோடுதான் தெரியல, எழுத்தாவது தெரியட்டும்.”

மாப்பிள்ளை தலை நிமிரவில்லை. ஏழு வாரமாக அவர் இப்படித்தான். முன்னெல்லாம் இந்த மாதிரி ஒரு வார்த்தை வந்தால் அதற்கு இரண்டு பதில் வரும். வீடே சிரிக்கும். இப்போது எது சொன்னாலும் அது தனக்குச் சேர வேண்டியதுதான் என்பது மாதிரி வாங்கி வைத்துக்கொள்கிறார்.

“விடும்மா,” என்றார் நூல்காரர்.

“நீ சும்மா இருண்ணா. நீ பார்த்துப் பார்த்துக் குடுத்த வண்டி. ஒரு வருஷம்கூட ஆகல. என்ன கதி பண்ணி வச்சிருக்கார் பாரு.”

டீ நாக்கைச் சுட்டது. நூல்காரர் விழுங்கிவிட்டார்.

“மாப்ள, நான் ஒண்ணு சொல்றேன். விக்க வேணாம். நானே திரும்ப எடுத்துக்கறேன்.”

“ஐயோ, நீங்க இதுவரைக்கும் பண்ணதே போதும் மச்சான்,” என்றார் மாப்பிள்ளை.

நன்றியோடுதான் சொன்னார். ஆனாலும் நூல்காரருக்கு உள்ளே எங்கேயோ இடித்தது.

“வாங்கப் போற நர்ஸ் சிஸ்டர் தங்கமானவங்க. நம்ம பாப்பாவை வார்டுல பார்த்துக்கிட்டவங்க. அவங்களுக்கு ரெட்டைப் புள்ளைங்க, ஸ்கூல் தூரமாம். ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாங்க. உங்க மச்சான் மெஷின்ல ஏத்திப் பார்த்து, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்னாங்க.”

“என் வார்த்தையா?”

“பின்ன? என் வார்த்தையையா கேப்பாங்க?” மாப்பிள்ளை முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தார். “நான் இனிமே ஸ்டியரிங்கைத் தொடறதா இல்ல மச்சான். திங்கக்கிழமை போய் லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துடறேன். முடிவு பண்ணிட்டேன்.”

அறையிலிருந்து பாப்பா வந்தாள். மடங்கிய வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டிருந்தாள்.

“மாமா, கார் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாட்டி உக்காந்துக்கவா?”

“எந்த சீட்டுல கண்ணு?”

“என் சீட்டுலதான். பயமெல்லாம் இல்ல.” கொஞ்சம் யோசித்தாள். “மாமா, இப்பவும் பின்னாடி அந்த ஹ்ம்ம்ம் சத்தம் வருமா?”

நூல்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“என்னடி சத்தம்?” என்றாள் தங்கை.

“ஒண்ணுமில்லம்மா. மாமாவுக்குத் தெரியும்.”

தெரியும். நன்றாகத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன்னால், இதே வீட்டில், இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவள் வந்து சொன்னாள். ‘மாமா, கார் பின்னாடி பாட்டுப் பாடுது. வேகமாப் போனா சத்தமாப் பாடுது.’ உட்பக்கம் தேய்ந்த டயர், ரம்பத்துப் பல் மாதிரி ஆகி, ரோட்டில் உரசுகிற சத்தம் அது. அலைன்மென்ட் பார்க்கிறவனுக்கு அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

அவர் அவளிடம் சொன்ன பதில்: ‘புது டயர் அப்படித்தான் கண்ணு பாடும்.’

*

கடை வரைக்கும் நூல்காரர்தான் ஓட்டினார். மாப்பிள்ளை முன்சீட்டில் உட்காரவில்லை. பின்கதவைத் திறந்து, இடது பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

“முன்னாடி வாங்களேன் மாப்ள. டாக்ஸி மாதிரி இருக்கு.”

“பரவாயில்ல. இங்கதானே அவ இருந்தா.”

சிக்னலில் நிற்கும்போது நூல்காரர் கண்ணாடியில் பார்த்தார். மாப்பிள்ளை புதுக் கதவின் உட்புறத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

தங்கை வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே நூல்காரர் ஒரு திட்டம் போட்டிருந்தார். பாதி நல்ல திட்டம்.

மெஷினில் ஏற்றினால் பின் இடது சக்கரம் சிவப்பில் காட்டும். காட்டட்டும். ‘கம்பத்துல இடிச்சதுல ஆக்ஸில் வளைஞ்சிருக்கு, இது ஓட்ட லாயக்கில்ல’ என்று சொல்லிவிடலாம். நர்ஸ் வாங்க மாட்டார். இரட்டைப் பிள்ளைகள் தப்பித்துவிடுவார்கள். காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம். யாருக்கும் ஆபத்து இல்லை.

மாப்பிள்ளை தலையில் இன்னும் கொஞ்சம் ஏறும். அவ்வளவுதான். ஏற்கெனவே சுமக்கிற ஆள்தானே?

இப்படி ஒரு மனிதன் நினைப்பானா என்று உங்களுக்குத் தோன்றும். நினைத்தார். நினைத்ததற்காக அடுத்த சிக்னலில் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டார். ஆனாலும் திட்டத்தை மாற்றவில்லை.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. மெஷின் எதையும் மறக்காது. வண்டி நம்பரைத் தட்டினால், அந்த வண்டி முன்னால் எப்போது வந்தது, அப்போது எந்தச் சக்கரம் எப்படி இருந்தது என்று பழைய அளவைத் தேதியோடு எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடும். ஒரு வருடத்துக்கு முந்தைய தேதி. விபத்துக்கு முந்தைய தேதி. காரைக் கொடுப்பதற்கே முந்தைய தேதி.

அதற்கும் ஒரு வழி யோசித்து வைத்திருந்தார்.

*

நர்ஸ் முன்னாலேயே வந்து, கடைச் சுவரில் தொங்கிய பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். டூட்டி முடித்து நேராக வந்திருந்தார். கால் வலிக்கு ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார்.

“‘பின் சக்கரமும் சக்கரம்தான். அதையும் பாருங்கள்.’ நல்லா இருக்கே. யார் எழுதினது?”

“நான்தான் சிஸ்டர்,” என்றார் நூல்காரர்.

“எங்க ஆஸ்பத்திரியில சொந்தக்காரங்களுக்கு டாக்டரே ஆபரேஷன் பண்ண மாட்டார். கை நடுங்குமாம். உங்க கடையில பரவாயில்லையா?”

மாப்பிள்ளை சிரித்தார். நூல்காரர் ரேம்பை ஏற்றும் பட்டனை அழுத்தினார்.

கார் மேலே போனது. நாலு சக்கரத்திலும் கிளாம்பை மாட்டினார். அளவெடுக்கும் கேமராவைச் சரிபார்த்தார். இருபத்தாறு வருடப் பழக்கம், கை தானாக ஓடியது. கீபோர்டுக்கு வந்ததும் நின்றது.

வண்டி நம்பரின் கடைசி எண் எட்டு. மூன்று என்று தட்டினார்.

‘புதிய வண்டியா?’ என்று மெஷின் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினார்.

காரை முன்னும் பின்னும் லேசாக உருட்டினார். திரையில் நாலு சக்கரமும் வந்தன. மூன்று பச்சை. பின் இடது மட்டும் சிவப்பு. நல்ல அடர்ந்த சிவப்பு.

“அது என்ன?” என்றார் நர்ஸ்.

நூல்காரர் சிவப்பை விரலால் காட்டினார். “பின் ஆக்ஸில் வளைஞ்சிருக்கு சிஸ்டர். இடிச்சதுல. வெளிய பெயின்ட் அடிச்சு மறைச்சாச்சு, உள்ள அடி அப்படியே இருக்கு. இது வேணாம் உங்களுக்கு. மழை பேஞ்சா பின்னாடி இழுத்துட்டுப் போயிடும்.”

சொல்லி முடித்துவிட்டார். நினைத்ததைவிடச் சுலபமாக வந்துவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

“அப்பா! நல்லவேளை,” என்றார் நர்ஸ். “என் புள்ளைங்க பின்னாடிதான் உக்காருவாங்க.”

நூல்காரர் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை.

“என்னால...” என்றார். “அப்ப இதையும் நான்தான் பண்ணி வச்சிருக்கேன். இன்னிக்கு நீங்க பார்க்கலேன்னா இவங்க புள்ளைங்களும்... மச்சான், நான் இதை வித்திருப்பேனே. கையெழுத்துப் போட்டு வித்திருப்பேனே.”

“மாப்ள, விடுங்க. அதான் விக்கலையே.”

“எவ்வளவு வளைஞ்சிருக்கு? காட்டுங்க. நான் பண்ணதை நான் பார்க்கணும்.”

திரைக்குப் பக்கத்தில் வந்தார். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தார். சிவப்பைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். அப்புறம் திரையின் மேல் மூலையைப் பார்த்தார்.

“மச்சான்.”

“ம்.”

“நம்பர் தப்பா இருக்கு. கடைசியில மூணு போட்டிருக்கீங்க. நம்ம வண்டி எட்டு.”

“மூணும் எட்டும் எல்லாருக்கும் குழம்பும். என் கடையில தினமும் பார்க்கிறேனே. வயசாச்சு உங்களுக்கு, வந்து கண்ணாடி மாத்திக்கங்க.” மாப்பிள்ளையின் குரலில் ஏழு வாரமாக இல்லாத ஒன்று வந்திருந்தது. “மச்சான், ஒருவேளை இது வேற வண்டியோட அளவா இருக்குமோ? நம்பர் மாறினதால வேற வண்டிது வந்திருக்குமோ? நம்ம வண்டி நல்லா இருக்குமோ? சரியா தட்டிப் பாருங்களேன்.”

அப்படியெல்லாம் வராது. அளவு என்பது ரேம்பில் நிற்கிற வண்டியின் அளவுதான். அதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு மெஷினை அணைத்திருக்கலாம். பொய்கூட இல்லை.

ஆனால் மாப்பிள்ளை அந்தத் திரையைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி. தான் செய்யாத தப்பிலிருந்து ஒரு எண்ணாவது தன்னைக் காப்பாற்றுமா என்று பார்க்கிற பார்வை.

நூல்காரர் மூன்றை அழித்தார். விரல் எட்டின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. அழுத்தினார்.

திரை இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம் இன்றைய அளவு. இடது பக்கம் பழைய அளவு. இரண்டிலும் மூன்று பச்சை, ஒரு சிவப்பு. இரண்டு சிவப்பிலும் ஏறக்குறைய ஒரே எண்.

மாப்பிள்ளை தேதியைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

“இது போன வருஷம்.”

“ஆமா.”

“அப்ப வண்டி எங்கிட்ட வரலையே. உங்ககிட்டதானே இருந்துச்சு?”

மெஷின் பழசு, நினைவு குழம்பிவிட்டது, நாளைக்கு ஆள் வந்து பார்ப்பான். இந்தப் பொய்யும் அவரிடம் தயாராக இருந்தது. நாக்கு வரைக்கும் வந்தது.

“நான்தான் மாப்ள,” என்றார்.

“என்ன நீங்கதான்?”

“நான்தான் வளைச்சேன். சரக்கு ஏத்திட்டுப் போய்ப் பள்ளத்துல விட்டேன். இந்த மெஷின்ல பார்த்தேன். தெரிஞ்சுதான் உங்களுக்குக் குடுத்தேன். மாத்திடலாம் மாத்திடலாம்னு விட்டுட்டேன். அன்னைக்கு நீங்க வேகமாப் போகல. டயர் உள்பக்கம் மொட்டையா இருந்துச்சு. வண்டி கோணலா நின்னுச்சு. அந்த மழையில, அந்த வளைவுல யார் ஓட்டியிருந்தாலும் பின்னாடி இழுத்திருக்கும்.”

கடையில் காற்று பிடிக்கிற மெஷின் மட்டும் தானாக ஓடி, தானாக நின்றது.

நர்ஸ்தான் முதலில் பேசினார். சத்தமாகப் பேசவில்லை.

“அன்னைக்கு வார்டு வாசல்ல இவர் நின்னு ‘நான்தான் சிஸ்டர், நான்தான் சிஸ்டர்’னு சொல்லிட்டே இருந்தார். தண்ணி குடுத்தாகூட வாங்கல. எனக்கு ஞாபகம் இருக்கு.” நூல்காரரை நேராகப் பார்த்தார். “நீங்களும் பக்கத்துலதானே நின்னுட்டு இருந்தீங்க?”

நூல்காரர் தலையை ஆட்டினார்.

நர்ஸ் போய்க் காரின் பின்கண்ணாடியிலிருந்து காகிதத்தைப் பிய்த்து எடுத்தார். கிழியாமல் எடுத்தார். மாப்பிள்ளை கையில் கொடுத்தார்.

“இதை வச்சுக்கங்க. வேற யாராவது கேட்டு வந்துடப் போறாங்க.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

*

நூல்காரர் கடையின் பின்பக்கம் போனார். பழைய டயர் எடுக்கிறவர் வாரத்துக்கு ஒரு தடவை வண்டி கொண்டுவருவார். ஏழு தடவை வந்து போயிருக்கிறார். ஏழு தடவையும் ஒரே ஒரு டயரை மட்டும் நூல்காரர் ஓரமாக நகர்த்தி, மேலே சாக்குப் போட்டு வைத்தார். தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. பார்க்கவும் தைரியம் இல்லை.

சாக்கை எடுத்துவிட்டு அதை உருட்டிக்கொண்டு வந்தார்.

“இதுதான் மாப்ள. அன்னைக்கு இருந்தது. மறுநாள் நான்தான் கழட்டினேன்.”

மாப்பிள்ளை பார்த்தார். வெளிப்பக்கம் கோடு கோடாக, ஆழமாக, புதுசு மாதிரியே இருந்தது.

“நல்லாத்தானே இருக்கு?”

“உள்பக்கம் தடவுங்க.”

தினமும் பிறர் கண்ணுக்குப் பக்கத்தில் போய்ப் பழகிய விரல்கள். மெதுவாக உள்ளே போயின. ஒரு பக்கமாகத் தடவினால் வழவழவென்று போனது. திருப்பித் தடவியதும் சுருக்கென்றது. கையை இழுத்துக்கொண்டார். ரப்பர் தீர்ந்து, உள்ளே இருக்கிற கம்பி நூல் வெளியே வந்திருந்தது. விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.

மாப்பிள்ளை அந்த விரலையே பார்த்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

“ஏழு வாரமா அந்த வளைவை மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்துட்டே இருக்கேன் மச்சான். ஒவ்வொரு தடவையும் வேகத்தைக் குறைச்சுக் குறைச்சு. கடைசியில நடக்கிற வேகத்துக்குக்கூட வந்துட்டேன். அப்பவும் மனசுக்குள்ள இடிக்குது. ஏன் இடிக்குதுன்னு தெரியாம, நான்தான் பைத்தியம் ஆயிட்டேன்னு நினைச்சேன்.”

“திட்டுங்க மாப்ள. அடிங்க வேணும்னா.”

“வரல. வரும். இன்னிக்கு வரல.” விரலைச் சட்டையில் துடைத்தார். “ஏன் சொல்லல?”

“வெக்கம்.”

“என்ன வெக்கம்?”

“அளவுக்கு மேல ஏத்தாதீங்க, பின் சக்கரத்தைப் பாருங்கன்னு ஊருக்கெல்லாம் போர்டு எழுதி மாட்டினவன் நான். அப்புறம் எல்லாரும் புகழ்ந்துட்டாங்க. புகழ்ந்தப்புறம் சொல்ல முடியல. பாப்பாவுக்கு அடிபட்டப்புறம் சுத்தமா முடியல.”

மாப்பிள்ளை டயரைக் கீழே சாய்த்தார். அப்புறம் கேட்டார்.

“காலையில அவ ஏதோ சத்தம்னாளே. மாமாவுக்குத் தெரியும்னாளே. என்ன அது?”

நூல்காரர் சொன்னார். அவள் வந்து கேட்டதையும், தான் சொன்ன பதிலையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

அதற்குத்தான் மாப்பிள்ளையின் முகம் மாறியது. ஆக்ஸிலுக்கு மாறவில்லை, டயருக்கு மாறவில்லை. அதற்கு மாறியது.

எழுந்தார். டயரை நிமிர்த்தினார்.

“வாங்க. வீட்டுக்குப் போலாம்.”

“நான் வண்டி எடுக்கிறேன், கடை வண்டி இருக்கு...”

“வேணாம். நடந்தே போலாம். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மச்சான். என் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். மொதல்ல பாப்பாகிட்ட.”

*

கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் வெள்ளைச் சட்டையோடு, வேலை நாள் மத்தியானத்தில், ரோட்டு ஓரமாக டயர் உருட்டிக்கொண்டு போனதை அன்றைக்கு நிறையப் பேர் பார்த்தார்கள். மருந்துக் கடைக்காரர், “என்ன சார், தொழில் மாத்திட்டீங்களா?” என்று கேட்டார். “மச்சானுக்கு ஒத்தாசை,” என்றார் மாப்பிள்ளை.

ஏழு வாரத்தில் ஒரு கிண்டலுக்கு அவர் திருப்பிச் சொன்ன முதல் பதில் அது. பின்னால் நடந்து வந்த நூல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

டயர் நேராகப் போகவில்லை. இடது பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து போனது. இருபது நிமிட நடை முப்பத்தைந்து நிமிடம் ஆனது. கேட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளையின் சட்டை, கழுத்து முதல் இடுப்பு வரை கறுப்பு.

பாப்பா வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து இடது கையால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

“கார் வித்தாச்சாப்பா? என்னை உக்கார வைக்கவே இல்லையே!”

“விக்கல கண்ணு,” என்றார் மாப்பிள்ளை. டயரைச் சுவரில் சாய்த்தார். பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து அவளிடம் கொடுத்தார். “மாமா உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.”

நூல்காரர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். முட்டி கடகடவென்றது.

அவள் அவரைப் பார்த்தாள். டயரைப் பார்த்தாள். எழுந்து போய், இடது கையை அதன் உட்பக்கம் விடப் போனாள்.

“குத்தும் கண்ணு! மெதுவா.”

ஒரே விரலால் தொட்டுப் பார்த்தாள். ரம்பப் பல்லின் மேல் நகத்தை வேகமாக இழுத்தாள். ‘ஹ்ர்ர்ம்’ என்றது. அவள் கண் அகலமானது.

“மாமா! இதுதான் பாடிச்சா?”

“இதுதான்.”

“நீங்க புது டயர் அப்படித்தான் பாடும்னு சொன்னீங்க.”

“பொய் சொன்னேன்.”

“ஏன்?”

அந்தக் கேள்விக்கு வாசல் பக்கத்திலிருந்தும் ஒரு ஆள் பதில் எதிர்பார்த்து நிற்பது அப்போதுதான் நூல்காரருக்குத் தெரிந்தது.

தங்கை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அண்ணனை அவள் பார்க்கவில்லை. கணவரின் சட்டையில் இருந்த கறுப்பையும், விரலில் காய்ந்திருந்த ரத்தத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் தான் சொன்ன வார்த்தை அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“உள்ள வாங்க,” என்றாள் கணவரிடம். “சட்டையைக் கழட்டுங்க.”

மாப்பிள்ளை படியேறினார். பாப்பா காகிதத்தோடு பின்னால் ஓடினாள்.

நூல்காரர் எழுந்து நின்றார். தங்கை கதவைச் சாத்தவில்லை. திறந்தும் வைக்கவில்லை. ஒரு ஆள் நுழைகிற அளவுகூட இல்லாத அந்த இடைவெளியில் நின்று, முதல் தடவையாக அவரைப் பார்த்தாள்.

“சொல்லு,” என்றாள். அண்ணா என்று சேர்க்கவில்லை. “அவ ஏன்னு கேட்டா இல்ல? எனக்கும் கேக்கணும். அங்கயே நின்னு சொல்லு.”